உள்நாட்டுத் தேவையும் ஏற்றுமதித் தொழிலும்

ஒரு நாடு தான் உற்பத்தி செய்யும் பண்டங்களுள் எவற்றை அயல்நாடுகளுக்கு விற்கிறது? இக்கேள்விக்கு நம்மில் பலர் உடனே கூறும் விடை, ‘தன் தேவைக்குப் போக எஞ்சியதை விற்கிறது’ என்பதாகும். நெல்லையும் மணிலாக் கொட்டையையும் பொறுத்தவரை இவ்விடை பெரும்பாலும் பொருந்தும். களத்தில் அடித்த நெல்லில் வீட்டுக்கு வேண்டியதை வைத்துக்கொண்டு மிச்சத்தைச் சந்தைக்கு அனுப்புவது உழவர் வழக்கமன்றோ? ஆனால் பட்டறையிலும் தொழிற்சாலையிலும் உருவாகும் பண்டங்களுக்கு இவ்விடை போதாது. அங்கே உள்நாட்டுத் தேவை ஏற்றுமதியைத் தின்றுவிடும் எதிரி அன்று. பெரும்பாலும் அதனைப் பெற்று வளர்க்கும் தாயே ஆகும். இவ்வுண்மையையும், அதன் எல்லைகளையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கிராம வளர்ச்சிப் பணியில் ஈடுபட்டோருக்கு இந்த ஆராய்ச்சி எதற்கு என்று சிலர் வினவலாம். மரக்காணம் உப்பளக் கரையை அடுத்த பிரம்மதேசம் முதலிய ஊர்களில் இன்று மகளிர் சுய உதவிக் குழுக்களும் இளைஞர்களும் வங்கிக் கடன் பெற்றுச் சிறு தொழில்களைத் தொடங்குகின்றனர். பனையோலைப் பெட்டி, கருவாடு, செக்கெண்ணெய், தைத்த ஆடை எனப் பண்டம் எதுவாயினும், ‘இதை வெளிநாட்டுக்கு அனுப்ப வழி உண்டா?’ என்ற கேள்வி விரைவில் எழுகின்றது. ஆவல் இயல்பானதே. ஆயினும் அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இதனை நம் ஊரார் விரும்பி வாங்குகின்றனரா? கடன் பெற்ற பணத்தை எதில் இடுவது என்னும் முடிவு இக்கேள்வியின் விடையைப் பொறுத்தது. ஆகவே பொருள் நூலார் இதுபற்றிக் கூறியதையும், நம் நாட்டின் அனுபவத்தையும் ஒருசேர நோக்குவோம்.

அறிஞர் கருத்து

உள்நாட்டில் வாங்குவோர் இல்லாத மிகுதிப் பொருளுக்கு வடிகாலாக அமைவது அயல்நாட்டு வாணிகம் என்று ஆதம் ஸ்மித் 1776-ஆம் ஆண்டில் வெளியான தம் நூலில் கூறினார். நாம் மேலே கண்ட உழவரின் விடையும் இதுவே. ஸ்வீடன் நாட்டுப் பொருளாதார அறிஞரான ஸ்டாஃபான் புரென்ஸ்டாம் லிண்டர் 1961-ஆம் ஆண்டில் வேறொரு கருத்தை வெளியிட்டார். விளைபொருளுக்கும் கனிப்பொருளுக்கும் எப்படியாயினும், செய்பொருளைப் பொறுத்தவரை ஒரு நாடு தன் மக்களிடையே பரவலான தேவை உள்ள பண்டத்தையே வெற்றியுடன் ஏற்றுமதி செய்ய இயலும் என்பது அவர் கொள்கை. வாழ்க்கைத் தரத்திலும் தேவையிலும் தன்னை ஒத்த நாடுகளே அப்பண்டத்துக்கு நல்ல சந்தையாகும் என்றும் அவர் கருதினார். பின்னர் அமெரிக்க அறிஞர் பால் குருக்மன் 1980-ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையில், பெருமளவில் செய்யுந்தோறும் அடக்கவிலை குறையும் தொழில்கள், போக்குவரத்துச் செலவை மிச்சப்படுத்தும் பொருட்டுப் பெரிய சந்தை உள்ள இடத்திலேயே நிலைகொள்ளும். அங்கிருந்து பிற நாடுகளுக்குப் பண்டம் செல்லும் என்று கணித முறையில் நிறுவினார். வாணிகம் பற்றிய ஆராய்ச்சிகளுக்காக அவர் 2008-ஆம் ஆண்டில் பொருளாதார நோபல் பரிசு பெற்றார்.

இக்கருத்துகளின் அடியில் மூன்று எளிய காரணங்கள் உள்ளன. முதலாவது, தேவையை முதலில் காண்பவர் அருகில் இருப்பவரே. காணாத தேவைக்குக் கருவி செய்பவர் எவருமிலர். இரண்டாவது, பண்டத்தில் உள்ள குறை விரைவில் செய்தவர் காதுக்கு எட்டும். அடுத்த ஊரில் பழுதான கருவியின் செய்தி மறுநாளே பட்டறைக்கு வந்துவிடும். கடல் கடந்த ஊரில் பழுதானால் செய்தி வருமுன்னே வாடிக்கை போய்விடும். மூன்றாவது, உள்ளூரில் பல்லாயிரவர் வாங்குவதால் ஒவ்வொன்றின் மீதும் விழும் செலவு குறைகின்றது. இம்மூன்றும் கூடிய பின்னரே பண்டம் கப்பலேறத் தகுதி பெறுகின்றது.

கிணற்றிலிருந்து கப்பலுக்கு

கோயம்புத்தூரின் பம்பு செட்டுத் தொழில் இதற்கு நல்ல எடுத்துக்காட்டாகும். கொங்கு நாட்டில் மழை குறைவு, கிணறுகளோ ஆழமானவை. கமலை ஏற்றத்தில் மாடு பூட்டி நீர் இறைத்த உழவர்க்கு ஆழம் கூடுந்தோறும் பாடும் கூடியது. 1932-ஆம் ஆண்டில் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியபின் அப்பகுதிக்கு மலிவான மின்சாரம் கிடைத்தது. ஆழ்ந்த கிணறும், அருகில் மின்கம்பியும், காசுப்பயிர் விளைத்துக் கையில் சிறிது பணம் கண்ட உழவரும் ஒரே இடத்தில் கூடியமையால் மோட்டாருக்கும் பம்புக்கும் தேவை பிறந்தது. பஞ்சாலைகளுக்கு உதிரிப்பாகம் வார்த்துக் கொடுத்த பட்டறைகள் பம்பு வார்க்கத் தொடங்கின. ஜி. டி. நாயுடு போன்ற முன்னோடிகள் 1930-களிலேயே மின்மோட்டாரை உள்நாட்டில் செய்யும் முயற்சியில் இறங்கினர். விடுதலைக்குப் பின் கிராம மின்மயத் திட்டமும், 1960-களில் தொடங்கிய பசுமைப் புரட்சியும் இத்தேவையைப் பன்மடங்காக்கின.

இங்கே கவனிக்க வேண்டுவது எண்ணிக்கை மட்டுமன்று. கிராமத்து மின்னழுத்தம் ஒருநாள் போல் மறுநாள் இராது. அழுத்தம் குறைந்தால் மோட்டார் எரியும். எரிந்த மோட்டாரை உழவர் பட்டறையிலேயே கொண்டுவந்து வைப்பார். நிலத்தடி நீர் இறங்க இறங்க, மேலிருந்து உறிஞ்சும் பம்பு பயனற்றுப் போக, நீருள் மூழ்கி நின்று தள்ளும் பம்பைக் கேட்பார். பழுதானால் காயில் கட்டும் கடையில் ஊரிலேயே சீர்செய்யத் தக்கதாக இருக்க வேண்டும் என்பார். இக்குறைகளுக்கு விடை கண்டு கண்டே கோவைப் பட்டறைகள் தேர்ச்சி பெற்றன. மேற்கு ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் வேளாண்மை செய்வோர்க்கும் ஏறக்குறைய இவையே இடர்கள்: ஆழ்ந்த நீர், நிலையற்ற மின்சாரம், அருகில் பெரிய பழுது நிலையம் இன்மை. எனவே நம் உழவருக்காகச் செய்த பம்பு அவர்களுக்கும் உகந்ததாயிற்று.

சென்னைத் திருவொற்றியூரில் உருவான புல்லட் மோட்டார் சைக்கிளின் வரலாறு இதனினும் வியப்பானது. 1950-களின் தொடக்கத்தில் எல்லைக் காவற் பணிக்காக இந்தியப் படை இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டு நிறுவனத்து வண்டிகளை வாங்கியது. அத்தேவையை நம்பி 1955-ஆம் ஆண்டில் மெட்ராஸ் மோட்டார்ஸ் அந்நிறுவனத்துடன் கூட்டுச் சேர, என்ஃபீல்டு இந்தியா பிறந்தது. 1970-ஐ ஒட்டி இங்கிலாந்தில் அத்தொழில் நலிந்து நின்றது. நம் நாட்டிலோ படையும் காவல்துறையும் பொதுமக்களும் தொடர்ந்து வாங்கியமையால் திருவொற்றியூர் ஆலை நிற்கவில்லை. 1977-ஆம் ஆண்டு முதல் அவ்வண்டி இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாயிற்று. வடிவமைத்த நாட்டில் வாங்குவோர் குறைந்தபோது தொழில் மறைந்தது; வாங்குவோர் நிலைத்த நாட்டில் அதே தொழில் வாழ்ந்து, பிறந்த மண்ணுக்கே பண்டத்தைத் திருப்பி அனுப்பியது.

ஒத்த தேவை, ஒத்த சந்தை

நம் நாடு உலகின் மிகப் பெரிய இருசக்கர வாகனச் சந்தைகளுள் ஒன்று. ஓசூரில் 1980-ஆம் ஆண்டில் டி.வி.எஸ். 50 என்னும் சிறுவண்டி வெளிவந்தது. இன்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் விடியற்காலையில் நிற்போர், அதன் வழிவந்த வண்டிகளில் மீன் கூடையும் காய்கறி மூட்டையும் கட்டிச் செல்லும் வியாபாரிகளைக் காணலாம். அவர்கள் கேட்பவை யாவை? குறைந்த பெட்ரோல், மிகுந்த பாரம், மேடுபள்ளம் தாங்கும் உறுதி, ஊர் மெக்கானிக் கையால் பழுது பார்க்கும் எளிமை. இத்தகைய வாடிக்கையாளரிடம் பயின்ற இந்திய நிறுவனங்கள் இன்று கென்யா, உகாண்டா, நைஜீரியா முதலிய நாடுகளுக்கு மோட்டார் சைக்கிள்களைப் பெருமளவில் அனுப்புகின்றன. உகாண்டாவில் ‘போடா போடா’ என்று வழங்கும் வாடகை மோட்டார் சைக்கிளை ஓட்டிப் பிழைப்பவரின் தேவைக்கும் நம் மீன் வியாபாரியின் தேவைக்கும் வேற்றுமை மிகக் குறைவு. லிண்டர் கூறிய ‘ஒத்த தேவை’ என்பது இதுவே.

கோவையின் மற்றொரு பண்டமாகிய மாவு அரைக்கும் வெட் கிரைண்டரையும் எண்ணிப் பார்க்கலாம். இட்டலியும் தோசையும் உண்ணும் வீடுகளில் ஆட்டுக்கல்லில் மாவாட்டும் பெண்டிரின் உழைப்பைக் குறைக்கப் பிறந்த யந்திரம் அது. புவிசார் குறியீடும் பெற்றுள்ளது. அது கடல் கடந்து சென்றதும் பெரும்பாலும் இட்டலி உண்ணும் தமிழரும் பிற தென்னிந்தியரும் வாழும் சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா நாடுகள், அமெரிக்கா போன்ற இடங்களுக்கே. உள்நாட்டுத் தேவை ஏற்றுமதிக்கு வழி திறப்பதோடு, அவ்வழி எதுவரை செல்லும் என்பதையும் வரையறுக்கின்றது.

தேவை எப்போதும் ஆசானாகுமா?

உள்நாட்டில் சந்தை பெரிதாயிருந்தால் மட்டும் போதும் என்று எண்ணிவிடல் கூடாது. இறக்குமதித் தடையும் உரிமக் கட்டுப்பாடும் நிலவிய காலத்தில் கார் வாங்க விரும்பியோர் பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தனர். 1950-களின் இறுதியில் வெளிவந்த அம்பாசிடர் கார் பல்லாண்டுகள் பெரிய மாறுதலின்றியே விற்பனையாயிற்று. வாங்குவோர் இருந்தனர், ஆனால் வேறொன்றைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு அவர்க்கு மிகக் குறைவு. குறை கூறினும் கேட்போர் இல்லை. ஏனெனில் வரிசையில் அடுத்தவர் நின்றார். அக்கார் உலகச் சந்தையில் இடம் பெறவில்லை. உள்நாட்டிலும் போட்டி வந்தபின் தளர்ந்து, 2014-ஆம் ஆண்டில் உற்பத்தி நின்றது. இதற்கு மாறாக, போட்டி நிலவிய காலத்தில் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் நிறுவனம் 1998-ஆம் ஆண்டில் சான்ட்ரோ என்னும் சிறு காரை இந்தியக் குடும்பங்களுக்காக வெளியிட்டது. சிறு கார்களில் பெற்ற அனுபவத்தின்மேல் அவ்வாலை பல நாடுகளுக்கு ஏற்றுமதி செய்யும் தளமாக வளர்ந்தது. ஆகவே தேவை ஆசானாக வேண்டுமாயின் வாங்குவோர்க்கு மறுக்கும் உரிமை இருக்க வேண்டும்.

ஆதம் ஸ்மித் கூறிய வடிகாலும் அடியோடு பொய்யன்று. 2008-ஆம் ஆண்டு நெருக்கடிக்குப் பின் ஸ்பெயின் நாட்டில் உள்நாட்டு விற்பனை வீழ்ந்தபோது அந்நாட்டின் ஏற்றுமதி உயர்ந்தது. உள்ளூர்ச் சந்தை மிகுதியாகச் சுருங்கிய பகுதிகளில் இருந்த நிறுவனங்களே ஏற்றுமதியை மிகுதியாகக் கூட்டின என்று 2021-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு ஒன்று காட்டியுள்ளது. ஆனால் ஒன்றை மறத்தலாகாது. நல்ல காலத்தில் தம் மக்களுக்கு விற்று ஆலையும் கைத்திறனும் வளர்த்துக்கொண்டிருந்தமையால்தான் அந்நிறுவனங்கள் கெட்ட காலத்தில் வெளியே திரும்ப முடிந்தது. ஒன்றும் செய்யாதவரிடம் வடிகாலில் விட மிகுதி ஏது?

அயலாரை மட்டும் நம்பிய தொழில்

உள்ளூர்த் தேவையின்றி அயல்நாட்டுத் தேவையை மட்டும் நம்பிய தொழிலுக்குச் சான்று தேடி நாம் தொலைவு செல்ல வேண்டியதில்லை. 19-ஆம் நூற்றாண்டில் புதுச்சேரியிலிருந்து ‘கினி’ என்று பெயர் பெற்ற நீலத் துணி மேற்கு ஆப்பிரிக்காவின் செனகல் பகுதிக்குச் சென்றது. அங்கே கோந்து வாணிகத்தில் அத்துணியே நாணயம் போல வழங்கிற்று. அதற்கு நீலமூட்டும் அவுரி அந்நாளில் நம் தென்னார்க்காட்டில் பயிராயிற்று. சோழமண்டலக் கரையின் நெசவு பொதுவாக உள்நாட்டார் உடுத்தும் துணியின்மேல் வேரூன்றியதே. ஆனால் இந்தக் குறிப்பிட்ட துணி பிறர் விருப்பத்துக்கும் பிறர் வாணிகக் கணக்குக்கும் உரியது. ஆப்பிரிக்க வாணிகம் மாறி, ஐரோப்பிய ஆலைத் துணி போட்டியிட்டபோது, அதனைத் தாங்கிப் பிடிக்க இங்கே வாடிக்கையாளர் இல்லை. 1897-ஆம் ஆண்டில் ஜெர்மனியில் செயற்கை நீலம் விற்பனைக்கு வந்தபின் அவுரி வயல்களும் மறைந்தன.

மணிலாக் கொட்டையின் கதையும் இதனை ஒட்டியதே. புதுச்சேரித் துறையிலிருந்து கப்பல் கப்பலாகக் கொட்டை பிரான்சு நாட்டு மார்செய் நகருக்குச் சென்றது. எண்ணெய்க்கும் சோப்புக்கும் தேவை அங்கே இருந்தமையால் ஆலையும் அங்கே எழுந்தது. நமக்குக் கிட்டியது கொட்டையின் விலை மட்டுமே. தேவை எங்கே உள்ளதோ அங்கேதான் செய்தொழில் குடியேறும் என்பதற்கு இதனினும் தெளிவான பாடம் வேண்டுமோ?

நம் கரையின் உப்பு

இனி நம் உப்பளங்களைப் பார்ப்போம். தமிழ்நாட்டில் தூத்துக்குடி, வேதாரண்யம் ஆகியவற்றை அடுத்து உப்பு விளைவில் பேர் பெற்றது மரக்காணம். பக்கிங்காம் கால்வாய் வழியே படகில் சரக்கு சென்ற காலத்திலும், லாரியில் செல்லும் இக்காலத்திலும் அது உள்நாட்டுச் சந்தைக்கே உரிய பண்டம். வீட்டுச் சமையல், கருவாடு பதனிடல், தோல் பதனிடல் ஆகியவையே உப்பை வாங்கும் வழக்கமான இடங்கள். இவர்களுள் பெரும்பாலோர் கேட்பது மலிவான கல்லுப்பு. கேட்டதைக் கொடுக்க நம் அளங்கள் கற்றன, கேட்காததைக் கற்கவில்லை.

குஜராத்தில் நிலைமை வேறு. அங்கே மித்தாப்பூர் முதலிய இடங்களில் சோடா உப்பு ஆலைகள் எழுந்தன. கால்சியம், மக்னீசியம் முதலிய கலப்புகளைக் குறைத்துக் கொடு என்று அவை வற்புறுத்தும். ஒரே தரத்தில் பெருஞ்சரக்கு கேட்கும். விரிந்த நிலமும் நீண்ட வறண்ட பருவமும் அதற்குத் துணை நின்றன என்பது மெய்யே. ஆயினும் கண்டிப்பான வாடிக்கையாளர் அருகில் இருந்தது பெரிய உதவியாயிற்று. இந்திய விடுதலைக் காலத்தில் வெளியிலிருந்து உப்பு தருவித்த நம் நாடு இன்று உலகின் மிகப் பெரிய உப்பு உற்பத்தி நாடுகளுள் ஒன்று; அதில் பெரும் பங்கு குஜராத்தினுடையது. ஏற்றுமதியாகும் தொழிற்சாலை உப்பும் பெரும்பாலும் அங்கிருந்தே செல்கின்றது.

தேவையின் தரம் மாறினால் உற்பத்தியின் தரமும் மாறும் என்பதற்கு நம்மிடமும் சான்று உண்டு. உண்பதற்கு விற்கும் உப்பில் அயோடின் சேர்த்தல் 2006-ஆம் ஆண்டில் நாடெங்கும் மீண்டும் கட்டாயமாக்கப்பட்டது. அதனால் அயோடின் கலப்பும், அளந்து உறையிடலும், சோதனையும் உப்புத் தொழிலின் பகுதியாகிவிட்டன. சட்டம் இங்கே கண்டிப்பான வாடிக்கையாளரின் இடத்தை வகித்தது.

நாம் செய்யத் தக்கவை

மேற்கூறியவற்றிலிருந்து கிராமத் தொண்டர்க்கும் ஊராட்சித் தலைவர்க்கும் சில கடமைகள் புலனாகின்றன.

முதலில், தொழில் தொடங்குமுன் சுற்றுப்புறத் தேவையைக் கணக்கெடுக்க வேண்டும். வாரச் சந்தை, பள்ளிகள், விடுதிகள், கடற்கரைச் சாலை உணவகங்கள், புதுச்சேரி, திண்டிவனம் ஆகிய நகரங்கள் எதனை எவ்வளவு வாங்குகின்றன, எங்கிருந்து வாங்குகின்றன என்று அறிதல் வேண்டும். தொலைவிலிருந்து தருவிக்கும் பண்டம் ஒவ்வொன்றும் நம் குழுவுக்கு விடுக்கப்பட்ட அழைப்பாகும்.

இரண்டாவது, வாங்கியோர் கூறும் குறைகளைப் பதிவேட்டில் எழுதி, மாதந்தோறும் குழுக் கூட்டத்தில் படிக்க வேண்டும். எண்ணெய் சிக்குவாடை அடித்தது, பெட்டியின் பிடி அறுந்தது, கருவாட்டில் மணல் இருந்தது என்பன மனத்தாங்கல் கொள்ளத் தக்கவை அல்ல. அவை கட்டணமின்றிக் கிடைக்கும் பயிற்சி.

மூன்றாவது, நம்மைப் போன்ற அலுவலர்க்கு உரியது. அரசு அலுவலகங்களும் கண்காட்சிகளும் குழுக்களின் பண்டங்களை வாங்கி ஆதரிப்பது முதற்படியில் நன்று. ஆனால் கடமைக்காக வாங்குவோர் குறை கூறுவதில்லை. குறை கேளாத தொழில் வளர்வதில்லை. அம்பாசிடர் காருக்கு நேர்ந்தது ஊறுகாய்ப் புட்டிக்கும் நேரும். ஆகவே இரண்டாம் ஆண்டு முதலேனும் வெளிச்சந்தையில் எவ்வளவு விற்றது என்பதைக் கொண்டே ஒரு குழுவின் வளர்ச்சியை மதிப்பிடல் வேண்டும்.

நான்காவது, எல்லாவற்றிலும் முக்கியமானது. வாங்கும் ஆற்றல் இல்லாத இடத்தில் சந்தை இல்லை. உப்பளத் தொழிலாளிக்கு மழைக்காலத்தில் வேலை நின்றுவிடுகின்றது. அப்போது ஊர்க் கடையும் தையற் கடையும் சேர்ந்தே வாடுகின்றன. கூலியை உற்பத்திச் செலவு என்று மட்டும் எண்ணுவோர் அதன் மறுபாதியை மறந்துவிடுகின்றனர். பெற்ற கூலியைக் கொண்டு பம்பும் வண்டியும் கிரைண்டரும் வாங்கிய கோடிக்கணக்கான எளிய மக்களே நம் ஏற்றுமதித் தொழில்கள் பலவற்றுக்கு அடித்தளம் இட்டனர். வேலையற்ற மாதங்களில் மாற்று வேலையும் நியாயமான கூலியும் கிடைக்கச் செய்வது அறச்செயல் மட்டுமன்று. நாட்டின் தொழிலுக்கு இடும் மூலதனமும் ஆகும்.

ஆராய்வதற்குரிய வினாக்கள்

வாசக அன்பர்கள் தத்தம் ஊர்க் கூட்டங்களில் கீழ்க்காண்பவற்றை விவாதிக்கலாம்.

1. நம் ஊரில் செய்யப்படும் பண்டங்களுள் நம் ஊராரே விரும்பி வாங்குபவை எவை? வாங்காதவற்றை ஏன் வாங்குவதில்லை?

2. கடந்த ஓராண்டில் வாடிக்கையாளர் கூறிய குறையால் எந்தப் பண்டமேனும் திருந்தியுள்ளதா?

3. வெளியூரிலிருந்து வரும் பண்டங்களுள் நம் கைத்திறனுக்கும் மூலப்பொருளுக்கும் ஏற்றவை எவை?

4. மழைக்கால மாதங்களில் நம் ஊர்க் கடைகளின் விற்பனை எவ்வளவு குறைகின்றது? அதனை ஈடுசெய்ய எவ்வகை வேலைகளை அம்மாதங்களில் மேற்கொள்ளலாம்?

இவ்வினாக்களுக்கு உண்மையான விடைகளை எழுதி வைத்துக்கொண்ட ஊர், ஏற்றுமதியைப் பற்றிப் பேசத் தகுதி பெற்ற ஊர் என்பதில் ஐயமில்லை.